காட்சி மண்டபத்தை உச்சியில் கட்டாதீர்கள்

மலையில் காட்சி மண்டபம் கட்டுவதாக இருந்தால் முகட்டுக்குச் சற்றுக் கீழே, சரிவில் பதித்துக் கட்டுங்கள். அடிவாரத்திலிருந்து பார்த்தால் துருத்திக்கொண்டு நிற்காது. காற்றின் வேகமும் குறையும். ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் 1973-இல் கலைஞர் சேசர் மன்ரிகே உருவாக்கிய ‘மிராடோர் டெல் ரியோ’ என்ற காட்சி மண்டபமும் மலைப்பாறைக்குள் பதித்துக் கட்டியதுதான். வெளியே உள்ளூர்க் கற்சுவர்தான் தெரியும். உள்ளே போனால் பெரிய கண்ணாடி வழியே கடலும் லா கிராசியோசா தீவும். பச்சை பெயின்ட் அடித்துவிட்டு ‘இயற்கையோடு இணைந்தது’ என்பதெல்லாம் சும்மா.

கூரையில் மண் போடுவதானால் மழையில் நனைந்த மண்ணின் எடைக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அப்புறம், மலைப்பக்கச் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பித் துளையுள்ள வடிகுழாய் வையுங்கள். இல்லாவிட்டால் தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும்.