ஈர வெயிலுக்கு ஷார்ட்ஸ்: வாங்குவதிலும் போடுவதிலும் நடக்கும் தவறுகள்

வேலூர் வெயில் வேறு, புதுச்சேரி வெயில் வேறு. அங்கே வேர்வை வந்த வேகத்தில் காயும். இங்கே கடல்காற்றிலேயே ஈரம் இருப்பதால் தோலில் பிசுபிசுவென்று தங்கிவிடும். அதனால் புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் ஷார்ட்ஸ் எடுக்கும்போது துணிக்கு முன்னால் பார்க்க வேண்டியது கால் நுழையும் வாயின் அகலம். கீழிருந்து காற்று ஏற வேண்டும். (அந்த வகையில் லுங்கியை மிஞ்ச இன்னும் ஒன்றும் வரவில்லை.)

பலரும் 32, 34 என்று இடுப்பளவை மட்டும் சொல்லி வாங்கிவிடுகிறார்கள். போட்டுக்கொண்டு நின்றபடியே தொடைப் பக்கத்துத் துணியைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். 2 அங்குலமாவது கையில் வர வேண்டும். அப்புறம் ஒருமுறை குந்தி உட்காருங்கள். கவட்டுத் தையல் இழுத்துப் பிடித்தால் அடுத்த சைஸ் எடுங்கள். இடுப்பு லூசாக இருந்தால் டெய்லர் பிடித்துக் கொடுத்துவிடுவார். தொடையை அகலமாக்கத் தையலுக்குள் துணி இருக்காது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் போட்டுப் பார்க்க வழியில்லை; வீட்டில் சரியாக இருக்கும் ஒரு ஷார்ட்ஸின் தொடை அகலத்தையும் கவட்டு நீளத்தையும் குறித்துக்கொண்டு, இஞ்ச் டேப்போடு போங்கள்.

காட்டன் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. முன்பே சுருக்கப்படாத துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 34 இடுப்பில் ஒரு அங்குலமாவது போய்விடும். கடையில் கச்சிதமாக இருந்தது அடுத்த வாரம் பிடிக்கத் தொடங்குவது இதனால்தான்.

துணியின் கனத்தை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) என்று லேபிளில் போட்டிருந்தால் 150 முதல் 180 வரை போதும். ஜீன்ஸ் ஷார்ட்ஸை மே மாதத்தில் தொடவே வேண்டாம். 'காட்டன்தான் நல்லது, பாலியஸ்டர் ஆகாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. காட்டன் வேர்வையை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் காயாது. வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் அது சுகம். காலையில் பீச் ரோட்டில் ஓடுபவருக்கு அதே துணி ஊறிக் கனத்துத் தொடையை உரசிப் புண்ணாக்கும். அவருக்கு மெல்லிய பாலியஸ்டர்தான் சரி.

நீளம் முட்டிக்கு ஓரிரு அங்குலம் மேலே நிற்கட்டும். நடுத்தர உயரத்துக்குக் கவட்டிலிருந்து 7 அங்குலம் பொருந்தும். 5 அங்குல ஷார்ட்ஸ் போட்டு வண்டி எடுப்பவர்கள் மறப்பது சீட்டை: மதிய வெயிலில் நின்ற கறுப்பு சீட்டில் உட்கார்ந்ததும் தொடையின் அடிப்பக்கம் சுரீர் என்னும். பின்னால் உட்காருபவரின் கெண்டைக்கால் சைலன்சரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாக்கெட்டையும் கை விட்டுப் பாருங்கள். பீச் ரோட்டுப் பாறையில் சாய்ந்து உட்காரும்போது மேலோட்டமான சைடு பாக்கெட்டிலிருந்து போன் வழுக்கி விழும். பாறை இடுக்கில் போனதை எடுப்பது லேசில்லை. போன் முழுக்க உள்ளே போய், அதற்கு மேல் 3 விரல்கடை மிச்சம் இருக்க வேண்டும்.

நிறத்தில் வெளிர் சாம்பல்தான் மோசம், வேர்வை ஈரத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். கறுப்பில் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். நேவி புளூவோ பொடி டிசைனோ எடுத்தால் கவலையில்லை.

தளர்வான ஷார்ட்ஸுக்கு உள்ளே இறுக்கமான சிந்தெடிக் ஜட்டி போட்டால் பயனில்லை. தொடை உரசுபவர்கள் கால் நீண்ட காட்டன் டிரங்க்ஸ் போடலாம், வெளியே கிளம்பும் முன் கொஞ்சம் வாஸ்லின் தடவலாம். பவுடரை அள்ளிக் கொட்டினால் வேர்வையில் கட்டி தட்டி இன்னும் அறுக்கும். ஈரத்தோடு நாள் முழுக்க இருந்தால் படர்தாமரை வரலாம். வந்துவிட்டால் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் போடாதீர்கள். அரிப்பு அடங்கியது போலிருக்கும், அடியில் பரவும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடலூர் சில்வர் பீச்சில் குளித்துவிட்டு அதே ஈர ஷார்ட்ஸோடு வண்டியில் வீடு திரும்புகிறவர்கள் நிறைய. காயக் காய உப்பு பொடியாகி, மணலோடு சேர்ந்து தொடையைத் தேய்க்கும். நல்ல தண்ணீரில் அலசி மாற்றுத்துணி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஜிப்பையும் அலசுங்கள். உப்பு தங்கினால் இரும்பு ஜிப் துருப்பிடித்து நகராது. கடலோரத்துக்குப் பிளாஸ்டிக் ஜிப் அல்லது நாடா வைத்தது மேல்.

மணக்குள விநாயகரைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் பையில் ஒரு வேட்டி மடித்து வையுங்கள்.