முட்டைக்குள் உயிர் எப்போது வருகிறது? வேண்டாத முட்டையை என்ன செய்வது?

கோழி வளர்க்க ஆரம்பித்து மூன்று மாதமே ஆன தோழி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவளுடைய கோழி 13 முட்டை மேல் ஒன்பது நாளாக அடை உட்கார்ந்திருக்கிறதாம். 13 குஞ்சு வந்தால் வைத்துக்கொள்ள மாடியில் இடமில்லை. "முட்டையை எடுத்துடலாமாடி? உள்ள உயிர் வந்திருக்குமா?" என்றாள்.

ஒன்பது நாளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. வீட்டில் கோழியோ கூண்டுப் பறவையோ வளர்க்கிற பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் அவளுக்குச் சொன்னதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பம். மஞ்சள் கரு, வெள்ளைக் கரு என்று சொல்லிச் சொல்லி, மஞ்சள்தான் குஞ்சாக மாறுகிறது என்று நாமே நம்பிவிட்டோம். மஞ்சள் என்பது குஞ்சுக்கான கட்டுச்சோறு. வெள்ளை அதற்குத் தண்ணீரும் புரதமும் மெத்தையும். உண்மையான கரு இரண்டும் இல்லை. மஞ்சளின் மேல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய ஒரு புள்ளி இருக்கும். அதுதான்.

படி 1: சேவல் இருந்ததா என்று பாருங்கள்

சேவல் மிதிக்காத கோழியும் முட்டையிடும். அந்த முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டைகள் இப்படிப்பட்டவை. முட்டைக்காக வளர்க்கும் கோழிகளோடு அங்கே சேவலை விடுவதில்லை. 1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் இருந்தபோது உடல்நலம் பற்றி எழுதிய சிறு நூலில் காந்தியும் இதைத்தான் சொன்னார்: சேவலைப் பார்க்காத கோழியின் முட்டையில் குஞ்சு உருவாகாது, பால் குடிக்கிறவர் அந்த முட்டையைச் சாப்பிட மறுப்புச் சொல்லக் காரணமில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சேவலை இன்று விற்றுவிட்டால் நாளை முதல் வரும் முட்டையெல்லாம் வெறும் முட்டை என்று நினைக்காதீர்கள். சேவலின் விந்தணுவைக் கோழி தன் முட்டைக்குழாயில் சேர்த்துவைத்துக்கொள்ளும். பத்து, பதினான்கு நாள் வரை, சில சமயம் மூன்று வாரம் வரைகூட, கருவுள்ள முட்டை வரும்.

கூண்டில் தனியாக இருக்கும் பெண் பறவை முட்டையிட்டால் அது வெறும் முட்டைதான். ஜோடியாக இருந்தால் கருவுள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காலை ஆம்லெட்டில் சோதித்துப் பாருங்கள்

வீட்டு முட்டை ஒன்றைத் தட்டையான தட்டில் உடைத்து ஊற்றுங்கள். மஞ்சளின் மேல் அந்தப் புள்ளியைத் தேடுங்கள். கீழே போயிருந்தால் கரண்டியால் மெல்லத் திருப்பினால் போதும். புள்ளி சிறியதாக, ஓரம் பிசிறடித்து, ஒரே வெள்ளையாக இருந்தால் கரு கூடாத முட்டை. வட்டத்துக்குள் வட்டம் போட்டதுபோல, நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் வளையமாகவும் இருந்தால் கரு கூடிய முட்டை. நான்கைந்து முட்டை உடைத்துப் பார்த்தால் கண் பழகிவிடும்.

மஞ்சளில் சிவப்பாக ரத்தப்பொட்டு தெரிந்தால் எங்கள் அத்தை, "ஐயோ, குஞ்சு வந்துடுச்சு" என்று முட்டையைக் கொட்டிவிடுவார். அது குஞ்சு இல்லை. மஞ்சள் உருவாகிப் பிரியும் நேரத்தில் கோழிக்கு ஏதோ ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைந்ததன் அடையாளம். சேவலே இல்லாத பண்ணை முட்டையிலும் வரும். இதை அத்தையிடம் நான்கு முறை விளக்கிவிட்டேன். முட்டை இன்னமும் குப்பைக்குத்தான் போகிறது.

சரி, உயிர் எப்போது?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அடை வைத்த பிறகுதான் உயிர் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

மஞ்சள் சூலகத்திலிருந்து பிரிந்து முட்டைக்குழாயின் புனல் போன்ற வாய்க்குள் விழுகிறது. கருவுறுதல் அங்கேயே, வெள்ளையும் ஓடும் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதன் பிறகு முட்டை முழுதாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் போல ஓடு கட்டுவதற்கே போகிறது. அந்த நேரம் முழுக்கக் கோழியின் உடல் சூட்டில் கரு பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டிருக்கும். கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கும்போது அந்தப் புள்ளியில் சுமார் 40,000 முதல் 60,000 செல்கள் இருக்கும்.

வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. சாவதில்லை, தூங்குகிறது. கோழி தினமும் ஒன்றாக, இரண்டு வாரம் முட்டையிட்டாலும் எல்லாக் குஞ்சும் கிட்டத்தட்ட ஒரே நாளில் பொரிப்பது இதனால்தான். கடைசி முட்டை வந்து கோழி அடை உட்கார்ந்த பிறகு எல்லாம் ஒன்றாக விழிக்கின்றன.

வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரியைத் தாண்டினாலே இந்தத் தூக்கம் கலையத் தொடங்கிவிடும். நம் ஊரில் மே மாதத்தில் சமையலறை மேடையே 34, 35 டிகிரி. அடைக்கோழி தரும் 37.5 டிகிரிக்கு அது போதாது, தூங்குவதற்கோ அதிகம். கரு அரைகுறையாக விழித்து, ஒழுங்கில்லாமல் கொஞ்சம் வளர்ந்து, பலவீனமாகிச் செத்துப்போகும். வெயில் காலத்தில் அடை வைத்த முட்டை நிறையக் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பிடுகிற முட்டையானாலும் சரி, வெளியே வைக்காதீர்கள்.

அடை உட்கார்ந்த பிறகு வேகம் பிடிக்கும். இரண்டாம் நாளே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அரிஸ்டாட்டில் முட்டைகளை உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்ததும் ரத்தத் துளி ஒன்று உயிருள்ளதுபோலத் துள்ளுவதை எழுதிவைத்தார். வெறும் கண்ணால் பார்த்தது! 21ஆம் நாள் குஞ்சு.

வலி எப்போது தெரியும் என்பது தனிக் கேள்வி. முட்டையிடாத ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரி முதல் தடை செய்தது. முட்டையிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்து நீக்குவதற்கு எந்த நாள் வரை அனுமதிப்பது என்ற விவாதம் அடுத்து வந்தது. ஏழாம் நாளிலிருந்தே கூடாது என்று முதலில் எழுதியிருந்தார்கள். பிறகு 12ஆம் நாள் வரை வலியை உணரும் அறிகுறி இல்லை என்ற ஆய்வை வைத்து, 13ஆம் நாளிலிருந்து கூடாது என்று மாற்றினார்கள். கீழே நான் சொல்லும் நாள் கணக்கு அதைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நிற்கிறது.

படி 3: பென்சில்

ஒரு பென்சில் போதும். கூட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முட்டையிலும் அன்றைய தேதியை எழுதுங்கள். மார்க்கர் வேண்டாம், மை ஓட்டுக்குள் இறங்கும். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டையை அன்றன்றைக்கே எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலை அவ்வளவுதான். கரு கூடியதோ இல்லையோ, சூடுபடாத முட்டையில் ருசியும் சத்தும் ஒன்றுதான்.

குஞ்சு வேண்டும் என்றால் எத்தனை வேண்டும் என்று முதலில் எண்ணுங்கள். ஒரு நாட்டுக்கோழியால் 10, 12 முட்டையை மூட முடியும். அதற்காக 12 வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நான்கு குஞ்சு போதுமென்றால் ஆறு முட்டை வையுங்கள். அடை வைக்கும் முட்டைக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். மற்ற கோழிகள் வந்து அதே கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடில்லாத முட்டையை அன்று மாலையே எடுத்துவிடலாம்.

படி 4: டார்ச் அடித்துப் பாருங்கள்

ஏழாம் நாள் இரவு நல்ல நேரம். வெள்ளை ஓடென்றால் நான்காம் நாளே தெரியும். நாட்டுக்கோழியின் பழுப்பு ஓட்டுக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கோழி இரை எடுக்க எழுந்திருக்கும்போது, அல்லது இருட்டில் அதன் வயிற்றுக்கடியில் மெல்லக் கைவிட்டு, ஒவ்வொரு முட்டையாக எடுங்கள். கொத்தும். பழைய துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். அட்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, செல்போன் டார்ச் மேல் வைத்து, முட்டையின் அகன்ற பக்கத்தை அந்த ஓட்டையில் பொருத்துங்கள். அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும்.

உள்ளே மஞ்சளின் நிழல் மட்டும் மிதந்து, மற்றபடி பளிச்சென்று இருந்தால் கரு இல்லாத முட்டை. சிலந்தி கால் விரித்ததுபோலச் சிவப்பு நரம்புகளும் நடுவில் கரும்புள்ளியும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. கொஞ்சம் அசையாமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி லேசாக ஊசலாடுவதைப் பார்க்கலாம். நரம்பே இல்லாமல் ரத்த வளையம் ஒன்று ஓட்டோடு ஒட்டிச் சுற்றியிருந்தால் தொடங்கி, நின்றுபோன கரு.

முதல் தடவை எனக்கு எல்லா முட்டையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. சந்தேகமான முட்டையை மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு தொடவே வேண்டாம். குஞ்சு வெளியே வரும் நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

படி 5: வேண்டாம் என்றால், எத்தனையாவது நாள்?

அடை உட்கார்ந்து மூன்று, நான்கு நாளுக்குள் என்றால் தயங்க வேண்டாம். முட்டைகளை எடுத்து ஃபிரிட்ஜில், 4 டிகிரிக்குக் கீழே, ஓர் இரவு முழுக்க வையுங்கள். ஃபிரீசர் இன்னும் உறுதி. அப்புறம் புதைத்துவிடுங்கள். சூடுபட்ட முட்டையைச் சாப்பிட எடுக்காதீர்கள்.

ஐந்திலிருந்து பத்து நாள் வரையும் இதே முறைதான். என்னால் அதை இலேசாகச் செய்ய முடிந்ததில்லை, உங்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் அது அசைவதைப் பார்த்துவிட்டால் கை வராது. பத்து நாளைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், பொரிக்கட்டும். பொரிப்பதற்குள் குஞ்சுக்கு ஆள் தேடிக்கொள்ளலாம். கட்டாயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த நிலையிலும் உயிருள்ள முட்டையைக் கொதிநீரில் போடாதீர்கள், வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கூமுட்டை

யாரையாவது திட்டும்போது சொல்கிறோமே, அதன் அசல் இதுதான். 21 நாள் தாண்டி, குஞ்சுகள் இறங்கிய பிறகும் பொரிக்காமல் கூட்டில் கிடக்கும் முட்டை. உள்ளே அழுகி வாயு சேர்ந்திருக்கும். இரண்டு வருடம் முன்பு ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். வெடித்தது. மூன்று முறை குளித்தும் அன்றிரவு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆட்டாதீர்கள். கவரில் மெல்ல எடுத்துப்போய் ஓரடி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் நாயோ கீரியோ தோண்டிவிடும்.

கூண்டுப் பறவைக்குக் கணக்கு வேறு

லவ் பேர்ட்ஸ், காக்கடீல் போன்ற கூண்டுக் கிளிகள் முட்டையிட்டதும் எடுத்து எறிவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முட்டை காணாமல் போனால் பறவை ஈடுகட்ட மறுபடி இடும். ஓடு கட்டக் கட்டச் சுண்ணாம்புச் சத்து கரைந்து, ஒருநாள் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். அதற்குப் பதில், முட்டையை இட்ட அன்றே எடுத்து, வேகவைத்து, நன்றாக ஆறவைத்து, அடையாளமிட்டுத் திரும்ப வையுங்கள். பிளாஸ்டிக் போலி முட்டையும் சரி. அது மூன்று வாரம் அடைகாத்து, சலித்து, தானே எழுந்து போய்விடும். அப்புறம் முட்டையிட வைத்த பானையையோ பெட்டியையோ கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்து, வெளிச்சத்தைப் பத்து மணி நேரமாகக் குறையுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை (கணவாயின் ஓடு) கிடைக்கும். ஒரு துண்டைக் கூண்டில் மாட்டுங்கள். பறவை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏசி மேலோ ஜன்னல் திட்டிலோ வெளிப் பறவை இட்ட முட்டை உங்களுடையது இல்லை. பறவை முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையோடு சேர்த்தே சொல்கிறது. குஞ்சு பறந்து போகும்வரை பொறுத்து, பிறகு வலை அடியுங்கள்.

முட்டையை எடுத்த பிறகு கோழிக்கு

முட்டை போனாலும் கோழி வெறும் கூட்டில் உட்கார்ந்தே இருக்கும். அடை தெளியவைக்கத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்துவது எல்லாம் வேண்டாத கொடுமை. அடியில் காற்றோட்டம் உள்ள கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று, நான்கு நாள் விடுங்கள். வயிற்றடிச் சூடு குறைந்ததும் எழுந்துவிடும்.

தோழி அன்றிரவே டார்ச் அடித்துப் பார்த்தாள். 13இல் நான்கு வெறும் முட்டை, ஒன்றில் ரத்த வளையம், எட்டில் உயிர். ஐந்தை எடுத்துப் புதைத்துவிட்டு எட்டையும் கோழிக்கடியிலேயே வைத்துவிட்டாள். இன்று 16ஆம் நாள். தெருவில் மூன்று பேர் ஆளுக்கு இரண்டு கேட்டிருக்கிறார்களாம். மீதி இரண்டை என் தலையில் கட்டப் பார்க்கிறாள்.