நுங்குக் கண்போல நாலு வித்தி: மதுவத்தின் ஒடுக்கற்பிரிவை வீட்டில் பார்ப்பது எப்படி

அப்பத்துக்கு மா புளிக்கக் கள்ளு விடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. முட்டியில் நுரைக்கிற பனங்கள்ளைப் புளிக்க வைப்பதில் முக்கிய பங்கு சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற மதுவத்துக்கு உண்டு. கடையில் பக்கற்றில் விற்கிற ஈஸ்டும் அதே இனம்தான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் அது அரும்புகிற படத்தைக் கீறிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் இந்தக் கலத்தைச் சரியான விதத்தில் பட்டினி போட்டால், அரும்புவதை விட்டுவிட்டு ஒடுக்கற்பிரிவு (நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்குகிற பிரிவு) அடைந்து, தன் வயிற்றுக்குள்ளேயே நாலு வித்திகளைக் கட்டும். அதற்காகத் தன் குழியவன்கூட்டையே, அதாவது கலத்துக்குள் இருக்கிற புரத இழைச் சட்டத்தையே, கழற்றி வேறு மாதிரி மாட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்கூட்டை நேரே பார்க்க முடியாது. அதன் பாகங்களில் நுண்குழாய் ஒன்றின் தடிப்பு 25 நனோமீற்றர், அக்டின் இழை 7 நனோமீற்றர். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் அவை தனித்தனியே தெரியாது. அவை செய்து முடித்த வேலை மட்டும் அழகாகத் தெரியும்.

படி 1: முதலில் கொழுக்க வையுங்கள்

கொதித்து ஆறிய நீர் 100 மி.லீ., சீனி அரைத் தேக்கரண்டி, மார்மைற் ஒரு பயறளவு, ஈஸ்ட் ஒரு சிட்டிகை. வாயகன்ற போத்தலில் விட்டு மெல்லிய துணியால் கட்டி, இடைக்கிடை குலுக்கி, இரண்டு நாள் வையுங்கள். சீனி முடிந்தபின் கலங்கள் காற்றைப் பாவித்துச் சுவாசிக்கப் பழகவேண்டும். வித்தி கட்டப்போகிற கலத்துக்கு அந்தப் பழக்கம் தேவை.

படி 2: கழுவுங்கள்

அடியில் மண்டி படிய விட்டு, மேல்நீரை ஊற்றிவிட்டு, கொதித்தாறிய நீரால் இரண்டு தரம் கழுவுங்கள். மார்மைற்றில் உள்ள நைதரசன் மிச்சம் இருந்தால் கலம் பட்டினியை உணராது.

படி 3: பட்டினிக் கரைசல்

ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் அசற்றேற்று பாவிப்பார்கள். வீட்டில் சோடியம் அசற்றேற்று போதும். போத்தலில் 4% அசற்றிக் அமிலம் என்று போட்டிருக்கிற செயற்கை வினாகிரியில் 10 மி.லீ. எடுத்து, அப்பச்சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரைப்பது நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். கணக்குப்படி அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடச் செல்லும். பிறகு நீர் சேர்த்து 100 மி.லீ. ஆக்கி, கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். தென்னை வினாகிரி வேண்டாம், அதில் வேறு சத்துகள் கலந்திருக்கும்.

நான் வினாகிரியில் சோடா போட்டுக்கொண்டிருந்தபோது அம்மம்மா வந்து எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, அப்பத்துக்கோ?"

"இல்லை அம்மம்மா, ஈஸ்டைப் பட்டினி போடப் போறன்."

"சீவனுள்ள சாமானைப் பட்டினி போடுறதே?" என்று கேட்டுவிட்டுப் போனா.

கழுவிய மண்டியில் கால் தேக்கரண்டியை இந்தக் கரைசலில் கலந்து, பெரிய ஜாம் போத்தலில் விரலளவு உயரத்துக்கு மேல் போகாமல் விடுங்கள். மூடியை இறுக்கவேண்டாம். முதல்தரம் நான் போத்தலை நிரப்பி இறுக்கி மூடி வைத்தேன். ஒரு கிழமை காத்திருந்தும் ஒரு வித்திகூட இல்லை. அசற்றேற்றை எரிக்க ஒட்சிசன் வேண்டும் என்பதை மறந்ததுதான் பிழை.

25 முதல் 30 பாகை வரையான வெப்பம் பிடிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். மண்பானை இருக்கிற மூலை நல்லது.

படி 4: காத்திருக்கையில் உள்ளே நடப்பது

அரும்புகிற கலத்தில் அக்டின் கயிறுகள் தாய்க்கலத்திலிருந்து அரும்புப் பக்கமாக நீண்டு கிடக்கும். அவற்றின்மேல் மயோசின் என்ற மோட்டார்ப் புரதம் சுமை இழுத்துப் போகும். கலத்துக்கு ஒரு திசை இருக்கும். நைதரசன் இல்லை, சீனியும் இல்லை என்றானதும் அந்தத் திசை குலைந்துவிடுகிறது. அரும்பில் குவிந்திருந்த அக்டின் பொட்டுகள் கலம் முழுக்கச் சிதறுகின்றன.

பிறகு மரபுச் செய்தியைச் சுமக்கிற நிறமூர்த்தங்களின் நுனிகள் கருவின் உறையில் ஒட்டிக்கொள்கின்றன. உறையை ஊடுருவி நிற்கிற புரதங்கள் அந்த நுனிகளை வெளியே உள்ள அக்டின் கயிறுகளோடு தொடுத்துவிடும். கயிறு அசைய, 16 சோடி நிறமூர்த்தங்களும் உள்ளே அலைக்கழியும். கிழக்கு ஆபிரிக்காவின் பியரிலிருந்து வந்த இன்னொரு மதுவம், சிசோசக்கரோமைசிஸ் பொம்பே, இதையே நுண்குழாயாலும் டைனீன் என்ற மோட்டார்ப் புரதத்தாலும் செய்கிறது. அங்கே கரு முழுவதும் குதிரைவாலை ஆட்டுவதுபோல கலத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் போய்வரும். பொம்பே என்பது சுவாகிலியில் பியருக்கான சொல். இரண்டு மதுவங்களுக்கும் ஒரே தேவை, ஆனால் கருவி வேறு. எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அடுத்தது பிரிவு. எங்கள் கலத்தில் உடைவதுபோல மதுவத்தின் கருவுறை உடைவதில்லை. நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கிற நுண்குழாய்க் கட்டுத்தான் கதிர். அதன் முனைகள் உறையிலேயே பதிந்திருக்க, கதிர் கருவுக்குள்ளேயே விரிகிறது. முதற் பிரிவில் ஒரு கதிர் அமைப்பொத்த சோடிகளைப் பிரிக்கிறது. இரண்டாம் பிரிவில் அதே உறைக்குள் இரண்டு கதிர்கள், ஆகமொத்தம் நாலு முனைகள்.

இங்கே கதிர்முனைக்கு இரண்டாவது உத்தியோகம் கிடைக்கிறது. உட்புறம் நிறமூர்த்தங்களை இழுத்துக்கொண்டிருக்க, அதன் வெளிப்புறம் புதுப் புரதங்களைப் பூசிக்கொண்டு மென்சவ்வு கட்டத் தொடங்குகிறது. நாலு முனையிலும் நாலு கிண்ணம் முளைத்து வளர்ந்து, கருவின் ஒவ்வொரு பங்கையும் விழுங்கி வாய் மூடும். அந்தக் கிண்ணத்தின் நீளவாக்கில் செப்டின் புரதங்கள் பட்டைகளாகப் படிந்திருக்கும். வழக்கமாக இதே செப்டின்கள் அரும்பின் கழுத்தில் வளையமாக இருப்பவை. இப்போது கழுத்தே இல்லாததால் இடம் மாறிவிட்டன. சில பழைய உறுப்பினர்களுக்குப் பதிலாக, வித்தி கட்டும்போது மட்டும் உருவாகிற இரண்டு புதியவையும் சேர்ந்துகொள்ளும்.

படி 5: பார்த்துக் கீறுங்கள்

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் ஒவ்வொரு துளி எடுத்து, கண்ணாடி வழுக்கியில் வைத்து, மூடுதுண்டு போட்டு, 400 மடங்கில் பாருங்கள். நுணுக்குக்காட்டியின் ஒளித்துவாரத்தைச் சற்று ஒடுக்கி வெளிச்சத்தைக் குறைத்தால் விளிம்பு துலங்கும். வெறும் கலம் ஒரு மங்கலான முட்டை. உள்ளே ஒரு பெரிய புன்வெற்றிடம் (நீர் நிறைந்த பை) இருக்கும். அதை வித்தி என்று எண்ணி ஏமாறாதவர் குறைவு. வித்திகள் பளிச்சென்று, ஒரேயளவு உருண்டைகளாக, தாய்க்கலமே ஆன பைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பல பைகளில் மூன்றுதான் தெரியும், நுங்கின் மூன்று கண்போல. நுண்செப்பஞ்செய் திருகை மெல்லத் திருப்புங்கள். மூன்றும் மங்க, நாலாவது பின்னாலிருந்து எழும்பி வரும்.

ஆய்வுகூடத்தில் மலகைற்றுப் பச்சையும் சஃப்ரனினும் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுச் சாயமிடலாம். வித்தி பச்சையாகவும் மற்றக் கலங்கள் சிவப்பாகவும் வரும்.

கடை ஈஸ்ட் பாண் பொங்கத் தெரிந்தெடுக்கப்பட்டது, வித்தி கட்ட அல்ல. சில வகை நன்றாகத் தரும், சில தரவே தராது. ஆகவே இரண்டு வகையை வெவ்வேறு போத்தலில் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். கரைசல் நாறத் தொடங்கினால் பற்றீரியா ஏறிவிட்டது. கொதிக்க வைத்து ஊற்றிவிடுங்கள்.

எனது இரண்டாவது போத்தலில் நாலு வித்திப் பைகளைவிட இரண்டு வித்திப் பைகளே கூட இருந்தன. பழுதாகிவிட்டது என்று ஊற்றப் போனேன். வினாகிரியைக் கணக்காக அளக்காமல் கண்மட்டத்துக்கு விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அசற்றேற்றுத் தட்டுப்பட்டால் கலம் நாலு கதிர்முனையிலும் கிண்ணம் கட்டாது. கதிருக்கு ஒரு முனையைத் தெரிந்து இரண்டில் மட்டும் கட்டும். அதுவும் கண்டபடியல்ல: முதற் பிரிவில் பிரிந்த இரு பாதியிலிருந்தும் ஒவ்வொன்று. இரண்டு வித்திப் பை கண்டால் அதையும் கொப்பியில் கீறி, பக்கத்தில் எத்தனை மி.லீ. வினாகிரி விட்டீர்கள் என்று எழுதுங்கள்.