மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி: விரத நாளில் செய்யக் கூடாதவை

மூன்று வருடங்களுக்கு முன், கந்த சஷ்டி ஐந்தாம் நாள் மாலை. விளக்கேற்றப் போன அம்மா பூஜை அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, என்ன கேட்டாலும் பதில் ஒழுங்காக வரவில்லை. விரதக் களைப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை வெறும் 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகத்தில் தெளிவு வந்தது.

அன்று காலை அவர் சாப்பிடவில்லை. ஆனால் சுகர் மாத்திரையைத் தவறாமல் போட்டிருக்கிறார். "மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். விரதம் இருக்கப் போவதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லாமலே விட்டிருக்கிறார்.

விரதத்தில் நடக்கும் தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. வயிறு காலியாக இருக்கும்போதும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரி. அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும்போது உடம்பின் நீரும் சேர்ந்து போகும். அதோடு பட்டினியும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். மீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமல் இருக்கும்போதே இது நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

ஆகவே, விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் போய், "இத்தனை நாள், இன்னின்ன நேரம் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை மாலைக்கு மாற்றுவது, எதை நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்துவதும் தவறுதான். விரதத்தின் நடுவே சர்க்கரை 70க்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108ஐ அழையுங்கள்.

பாதியில் முடித்தால் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் மகாபாரதத்தில் விதுரர், விரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டைச் சொல்கிறார். தண்ணீர், கிழங்கு, பழம், பால் எல்லாம் அதில் வருகின்றன. மருந்தும் வருகிறது. ரமலான் நோன்பிலும் நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் நோன்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் 59 வயது முடிந்தவர்களையும் கட்டாயப்படுத்துவதில்லை. விதி வகுத்தவர்கள் உடம்பை மறக்கவில்லை, நாம்தான் அவர்களை விடக் கடுமையாக இருக்கப் பார்க்கிறோம்.

இந்தக் கடுமையில் போட்டி வேறு சேர்ந்துகொள்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஆறு நாளும் மிளகு விரதம் இருக்கிறார், நாம் பால் பழம் சாப்பிடுகிறோமே என்ற குறை. முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போகும் விரதம் அது. பல வருடம் பழகிய, நோய் இல்லாத உடம்புக்கே கடினம். முதல் தடவை இருப்பவர்கள் ஒருபொழுதில் ஆரம்பிக்கலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பட்டினியே வேண்டாம். தண்ணீரையும் விட்டுவிடுவது இன்னும் மோசம். ஐப்பசி மழையில் தாகம் தெரியாது, அதனால் குடிக்கவே மறந்துபோகும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடா வருடம் சுற்றுகிறது. பட்டினி கிடந்தால் புற்றுநோய் குணமாகும், அதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்று. 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது என்பதை அவர் ஈஸ்டில் ஆராய்ந்து சொன்னார். மனிதர்கள் இத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் இன்ன நோய் போகும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை. இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

விரதத் தலைவலி பலருக்குக் காபித் தலைவலிதான். தினமும் நாலு டம்ளர் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் மண்டை பிளக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் பலகாரம். இந்தச் சொல் 'பழ உணவு' என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது. இன்றைக்குப் பலகாரம் என்றால் எண்ணெய்ச் சட்டிதான் கண் முன் வருகிறது. ஏகாதசிக்கு அரிசியை விட்டுவிட்டு ஜவ்வரிசி வடையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டால் வயிற்றுக்கு என்ன ஓய்வு? ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவு, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. சுகர் உள்ளவர்களுக்குச் சோற்றை விட அது நல்லது என்று நினைப்பது வீண். மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் வைத்தார்களே, அந்த எளிமையை அப்படியே பின்பற்றலாம். முதல் வாயிலேயே பூரியும் பாயசமும் வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு பைக்கை எடுப்பதும் வேண்டாம்.

இன்னொரு தவறு விரதம் இருப்பவருடையது இல்லை, வீட்டில் இருக்கும் மற்றவர்களுடையது. அம்மா பட்டினியாக அடுப்படியில் நின்று எங்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டார். அந்த ஐந்தாம் நாளும் மதியம் எங்களுக்கு வத்தக்குழம்பும் அப்பளமும் இருந்தது. தாளிக்கும் வாசனையில் நின்றுகொண்டு ஒருவர் மனதைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அவர் சாமி கும்பிட ஒதுக்கிய நேரமெல்லாம் பாத்திரம் கழுவுவதில் போனது.

இப்போது அம்மா டாக்டரிடம் கேட்டு, சஷ்டி ஆறு நாளும் காலையில் இரண்டு இட்லி, மதியம் பழமும் மோரும், இரவு ஒரு டம்ளர் பால் என்று இருக்கிறார். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். சமையல் என் பொறுப்பு. சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர் நேரலையை டிவியில் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தார். கையில் விபூதித் தட்டு, பக்கத்து ஸ்டூலில் குளுக்கோமீட்டர்.