திரை ஓடுகிறது, வகுப்பு நிற்கிறது: டிஜிட்டல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலில் ப்ரொஜெக்டர் வைத்துப் பாடம் எடுத்த அன்று 40 ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். மணி அடிப்பதற்குள் அத்தனையையும் முடித்தும்விட்டேன். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிரமாதமாகப் போனது என்ற நினைப்பில் வெளியே வந்தேன். மறுநாள் முதல் ஸ்லைடிலிருந்தே ஒரு கேள்வி கேட்டேன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. படம் தெளிவாகத் தெரியட்டும் என்று விளக்குகளை அணைத்திருந்தேன். முந்தைய நாள் அமைதிக்குக் காரணம் அந்த இருட்டுதான்.

அன்றிலிருந்து எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: இது ஓடும்போது மாணவர் என்ன செய்துகொண்டிருப்பார்? ‘பார்த்துக்கொண்டிருப்பார்’ என்பது மட்டும்தான் பதில் என்றால், பாடத்தைத் திரும்பத் திட்டமிடுவேன். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

ஸ்லைடை வாசிப்பது

திரையில் பத்து வரி. ஆசிரியர் அதை அப்படியே உரக்க வாசிக்கிறார். மாணவரின் கண் நம் வாயைவிட வேகமாக ஓடும். நாம் மூன்றாவது வரியில் இருக்கும்போது அவர் ஐந்தாவது வரிக்குப் போயிருப்பார். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறு வேறாகி, இரண்டுமே நிற்காது. ஜான் ஸ்வெல்லரின் அறிவுச்சுமைக் கோட்பாடும் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகளும் சொல்வது இதைத்தான்: மனம் ஒரே சமயத்தில் தாங்கக்கூடியது கொஞ்சமே. படத்தோடு பேச்சு சேர்ந்தால் புரிதல் கூடும். அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் பெரும்பாலும் குறையும்.

இதற்கு விலக்கு உண்டு. செவித்திறன் குறைந்த மாணவருக்கும், பாடமொழியை இப்போதுதான் கற்றுக்கொள்பவருக்கும் வீடியோவின் அடியில் ஓடும் எழுத்து பெரிய துணை. அதை நிறுத்தக் கூடாது.

மற்றபடி ஸ்லைடில் படம், நான்கைந்து சொல், அவ்வளவு போதும். துள்ளி வரும் எழுத்தும் ஓரத்தில் ஆடும் கார்ட்டூனும் தயாரிப்பவருக்குத்தான் மகிழ்ச்சி. (எனக்கும் அந்த மோகம் இருந்தது.) இதயத்தின் படத்தை முழுதாக ஒரே ஸ்லைடில் போடுவதைவிட, ரத்தம் போகும் வழியில் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டலாம். சாக்பீஸால் படிப்படியாக வரைந்தவர்களுக்கு இது பழைய வித்தைதான்.

வீடியோவை ஓடவிட்டு ஓரமாக நிற்பது

நிலவின் பிறைகளைப் பற்றி ஏழு நிமிட வீடியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுதும் ஓட்டிவிட்டு “புரிந்ததா?” என்றால் “புரிந்தது” என்று வகுப்பே சொல்லும். அதை நம்பிவிடக் கூடாது. பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்த மாணவர், சரியான விளக்கத்தைக் கேட்ட பிறகும் அதே நினைப்போடு வீட்டுக்குப் போவார்.

அரை நிலவு திரையில் வந்ததும் நிறுத்துங்கள். “இப்போது சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது? நோட்டில் வரையுங்கள்.” இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். நிழல் கதை எத்தனை நோட்டில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். “நிழல்தான் காரணம் என்றால், அரை நிலவும் சூரியனும் பகலில் ஒன்றாக வானத்தில் தெரிவது எப்படி?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது அவர்கள் வீடியோவில் பதிலைத் தேடுவார்கள். பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்தான் என்ற வரி அப்போதுதான் காதில் ஏறும்.

நீளமும் முக்கியம். இணையவழிப் படிப்புகளில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை அலசி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் பார்வையாளரைப் பிடித்து வைப்பது கடினம் என்று கண்டது. தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களுக்கே இந்த நிலை.

வினாடி வினாவை விளையாட்டாக மட்டும் நடத்துவது

கடிகாரம் டிக்டிக் என்று ஓட, யார் முதலில் என்ற பட்டியல் திரையில் ஏற இறங்க, வகுப்பு களைகட்டும். வேகமாகக் குத்துமதிப்பாக அழுத்தியவர் மேலே போவார். யோசித்தவர் கீழே கிடப்பார். பெயர்ப்பட்டியலையும் கடிகாரத்தையும் அணைத்துவிடுவதே என் வழக்கம்.

அதைவிடப் பெரிய விஷயம், விடைத் தெரிவுகளை எப்படி எழுதுகிறோம் என்பது. 1/2 + 1/3 எவ்வளவு? சரியான விடை 5/6. அதோடு 2/5, 2/6, 1/6 என்று கொடுத்துப் பாருங்கள். 2/5 என்பவர் மேலையும் கீழையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார். 2/6 என்பவர் பகுதியைச் சமமாக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறார். 1/6 என்பவர் கூட்டலுக்குப் பதில் பெருக்கிவிட்டார். எந்த விடையை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று திரையில் வரும் வரைபடமே அடுத்து எதை விளக்குவது என்பதைச் சொல்லிவிடும். வாய்க்கு வந்த எண்களைத் தெரிவாகப் போட்டால் யார் தவறு என்று மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது.

விடையை உடனே காட்டிவிடுவதும் தவறு. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இன்றும் சிறந்தது. சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி வாக்கெடுங்கள். அதற்கும் குறைவு என்றால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். கைபேசி இல்லாத வகுப்பில் ஏ, பி, சி, டி அட்டைகள் போதும்.

மற்ற சில

வகுப்பு முழுக்கச் சாதனங்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டாம். மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர் மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்தவரும் தேர்வில் பின்தங்கியதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. வேலை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து உங்கள் ஸ்லைடை ஒருமுறை பாருங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபாடு காட்டினால், சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ள மாணவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியலாம்.

நெட்டை நம்பி வீடியோவை அங்கேயே தேடாமல், முதல் நாளே இறக்கி வைத்துவிடுங்கள். ப்ரொஜெக்டரோடு இணைக்கும் முன் அறிவிப்புகளை அணையுங்கள். ஒரு தடவை என் வீட்டுச் செய்தி ஒன்று ஆளுயரத்துக்குத் திரையில் வந்து நின்றது. அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு.

இலவசச் செயலி என்றதும் மாணவர் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். பெரும்பாலும் ஒரு புனைபெயரோ வரிசை எண்ணோ போதும். மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே கணக்குதான். அவரவர் மதிப்பெண்ணை அவரவருக்கு அனுப்பலாம்.

இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் பயிற்சித்தாள் நொடியில் வந்துவிடுகிறது. கேள்விகள் பார்க்க அழகாக இருக்கும். நடுவில் ஒரு விடை மட்டும் மிகுந்த தன்னம்பிக்கையோடு தவறாக இருக்கும். அப்படி ஒன்றை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன், அதையும் ஒரு மாணவி சுட்டிக்காட்டியதால். இப்போதெல்லாம் முதலில் நானே பேனா பிடித்து எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுகிறேன். அதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. நேரம் மிச்சம் என்று சொல்லும்போது அதையும் கழித்துத்தான் சொல்கிறேன்.