டைனிங் நாற்காலிக்கு குஷன்: முதலில் இஞ்ச் டேப், அப்புறம் பணம்

முதல் தடவை ஆறு குஷன்களையும் ஒரே மூச்சில் வாங்கினேன். படத்தில் மொத்தையாக, ஜம்மென்று இருந்தன. வீட்டில் போட்டு உட்கார்ந்தால் தொடை டேபிளின் அடிச்சட்டத்தில் இடித்தது, குதிகால் அந்தரத்தில் நின்றது. அம்மா ஒரு வேளை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்னடா, ஸ்டூல் மேல ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்று உருவிப் போட்டுவிட்டார். ஆறும் பரணுக்குப் போயின.

அதனால் துணி, நிறம் எல்லாம் பிறகு. முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள். பெரும்பாலான டைனிங் டேபிள்கள் சுமார் 75 செ.மீ. உயரம், நாற்காலி இருக்கை சுமார் 45 செ.மீ. நடுவே 30 செ.மீ. இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பலகைக்குக் கீழே ஓடும் சட்டம் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். என் டேபிளில் அது 9 செ.மீ.; மிஞ்சியது 21. அதில் தொடையும் நுழைய வேண்டும், குஷனும் இருக்க வேண்டும். 3 முதல் 5 செ.மீ. தடிமன் போதும். கை வைத்த நாற்காலி என்றால் கவலை வேறு: குஷன் நம்மைத்தான் உயர்த்தும், கைப்பிடியை உயர்த்தாது.

அடுத்தது உள்ளே இருக்கும் சரக்கு. பணம் போட வேண்டிய இடம் இதுதான். பஞ்சு மாதிரி அடைத்த பாலியஸ்டர் ஃபைபர் வாங்கும்போது புசுபுசுவென்று இருக்கும், தினமும் உட்கார்ந்தால் நடுவில் பள்ளமாகி ஓரத்தில் உருண்டை கட்டும். ஃபோம்தான் நிற்கும், அதிலும் அடர்த்தி பார்க்க வேண்டும். 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ. இதைச் சமையலறைத் தராசிலேயே சரிபார்க்கலாம். 40-க்கு 40, தடிமன் 4 செ.மீ. உள்ள துண்டு 32 டென்சிட்டியில் சுமார் 205 கிராம் இருக்கும். தராசு 100 கிராம் காட்டினால் அது பாதிச் சரக்கு, சீக்கிரம் அமுங்கிவிடும். நான் உட்காரும் இடத்துக்கு 32-க்குக் கீழே இறங்குவதில்லை. ஆனால் அடர்த்தி வேறு, கெட்டி வேறு. மெமரி ஃபோம் கனமாக இருந்தாலும் மெத்தென்று உள்ளே போகும். முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை கையில் தட்டுப்பட்டால் வேண்டாம்.

பழைய ஃபோம் மெத்தை இருந்தால் செலவே இல்லை. கால்மாட்டுப் பக்கத்தில் வெட்டுங்கள், அங்கே அதிகம் நசுங்கியிருக்காது. மஞ்சளாகியிருந்தால் பரவாயில்லை. தேய்த்தால் பொடி உதிர்ந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இருக்கை சதுரம் என்று நம்பிவிடாதீர்கள். என்னுடையதில் முன்பக்கம் 43, பின்பக்கம் 38. செய்தித்தாளை விரித்து, ஓரத்தை விரலால் நீவி மடித்து, முதுகுக் கம்பி வரும் இடத்தில் கத்தரித்து அச்சு எடுத்தேன். ரெடிமேட் வாங்குவதானாலும் இந்த அச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபோமை வெட்ட நீளமான கட்டர் பிளேடு, அல்லது ரொட்டி வெட்டும் பற்கத்தி. அழுத்தாமல் நாலைந்து இழுப்பில் வெட்டினால் விளிம்பு நேராக வரும். உறையின் அளவைவிட ஃபோம் 1 செ.மீ. பெரிதாக இருந்தால் சுருக்கம் விழாது.

உறையில் மிச்சம் பிடிக்கலாம். பழைய ஜீன்ஸ், கனமான திரைச்சீலை எதுவும் ஆகும். பருத்தியாக இருந்தால் தைக்கும் முன்பே ஒரு தடவை நனைத்துக் காயவையுங்கள், பிறகு சுருங்காது. பொடி டிசைன் கறையை மறைக்கும். ஜிப் பின்பக்க ஓரம் முழுவதும் ஓட வேண்டும். சின்ன ஜிப் வைத்து ஃபோமைத் திணிக்க நான் பட்ட பாடு போதும். நாடாவை மூலையில் தைக்காமல், கம்பி எங்கே இருக்கிறதோ அங்கே தையுங்கள். கட்டக் கம்பியே இல்லாத நாற்காலிக்கு வழுக்காத ரப்பர் வலைத் துண்டு ஒன்றை அடியில் போட்டால் சரி.

இப்போதும் ஆறையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒன்று மட்டும் செய்து ஒரு வாரம் போட்டு வையுங்கள். அந்த நாற்காலிக்கு வீட்டில் சண்டை வந்தால் மீதி ஐந்துக்கும் ஃபோம் வெட்டலாம்.