தனுஷ்கோடி வெயிலில் தோல் கருகாமல் திரும்பி வர

முதல் தடவை ராமேஸ்வரம் போனபோது, விடிகாலை ஐந்து மணிக்கே லாட்ஜ் அறையில் பொறுப்பாக சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு கிளம்பினேன். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கி, சாமி கும்பிட்டு, நடு மத்தியானம் தனுஷ்கோடியில் போய் நின்றேன். அன்று ராத்திரி பிடரியில் சட்டைக் காலர் பட்டாலே எரிந்தது. 22 தீர்த்தத்தில் என் பாவம் போனதோ இல்லையோ, சன்ஸ்கிரீன் சுத்தமாகப் போய்விட்டது.

அதனால் இந்தப் பயணத்துக்கு எதைப் பூசுகிறோம் என்பதைவிட எப்போது பூசுகிறோம் என்பதுதான் முக்கியம். முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஊரிலேயே வாங்கிவிடுங்கள்

டியூபில் எஸ்.பி.எஃப் (வெயில் சுடாமல் காக்கும் அளவு) 30 அல்லது 50, பி.ஏ. (யு.வி.ஏ என்ற இன்னொரு வகைக் கதிரைத் தடுக்கும் அளவு) என்பதற்குப் பக்கத்தில் மூன்று பிளஸ் குறியாவது, அப்புறம் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்ற வார்த்தை, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தோலைச் சுடும் யு.வி.பி கதிரில் எஸ்.பி.எஃப் 30 சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் அவ்வளவுதான், விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிப் பாருங்கள். அரித்தால் அந்த டியூபைக் கொண்டுபோகாதீர்கள்.

"நாமதான் கறுப்பாச்சே, நமக்கு எதுக்கு?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். கறுப்புத் தோலுக்கு ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு உண்டுதான். ஆனால் நமக்கும் வெந்துபோகும். சிவப்பு தெரியாமல் சூடும் இறுக்கமும் எரிச்சலுமாக வரும், பிறகு திட்டுத் திட்டாகக் கருக்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் பருத்தித் துணியும் போதும்.

படி 2: தீர்த்தமாடிய பிறகு பூசுங்கள்

அக்னி தீர்த்தக் குளியலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு எதுவும் பூச வேண்டியதில்லை. 22 தீர்த்தமும் முடிந்து, ஈரத்துணி மாற்றி, உடம்பை நன்றாகத் துவட்டிய பிறகு பூசுங்கள். ஈரத் தோலில் பூசினால் வழிந்துவிடும். தரிசனம் முடித்து வெளியே வருவதற்குள் அது தோலில் படிந்திருக்கும்.

படி 3: தாராளமாகப் பூசுங்கள்

நம்மில் பலர் பேர் அண்ட் லவ்லி காலத்துப் பழக்கத்தில் ஐந்து பொட்டு வைத்துத் தேய்ப்போம். அது போதாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். உடம்பு முழுக்க என்றால் பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கே 30 மில்லி அளவு ஆகும். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு 50 கிராம் டியூப் எந்த மூலைக்கு? அதனால் துணியால் மூட முடிந்த இடத்தை மூடிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பூசுங்கள்.

எல்லோரும் மறக்கும் இடங்கள்: காது மடல், பிடரி, செருப்பு வாருக்கு இடையில் தெரியும் புறங்கால், புடவை கட்டுகிறவர்களுக்கு இடுப்பும் ரவிக்கையின் முதுகுப் பக்கமும், ஆண்களுக்கு முடி கொட்டிய உச்சந்தலை (தொப்பி போட்டுவிடுங்கள், பூசினால் பிசுபிசுக்கும்).

நனைந்த வெள்ளைச் சட்டையை நம்பாதீர்கள். மெல்லிய வெள்ளைப் பருத்தி ஈரமானால் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். அடர்த்தியாக நெய்த, கொஞ்சம் அடர்நிறத் துணி நல்லது.

படி 4: தனுஷ்கோடியில்

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஒதுங்க அதிகம் நிழல் கிடைக்காது. ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் 'பெண் கடல்' என்று சொல்லும் அமைதியான கடல், மறுபக்கம் 'ஆண் கடல்' என்று சொல்லும் சீறும் கடல், நடுவில் வெளிறிய மணல். அந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். குடை பிடித்தாலும் முகவாய்க்குக் கீழே கருப்பது இதனால்தான். காற்று வேறு குளுகுளுவென்று அடித்து ஏமாற்றும். சூடு தெரியாவிட்டாலும் கதிர் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

கடிகாரம் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட அது குட்டையாக இருந்தால் வண்டிக்கோ கீற்றுக்கடைக்கோ திரும்பும் நேரம். முடிந்தால் தரிசனத்தை ஒரு நாளும் தனுஷ்கோடியை மறுநாள் விடியலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். உப்பும் மணலும் ஒட்டிய முகத்தில் அப்படியே தேய்த்தால் உப்புக் காகிதம் போட்ட மாதிரி இருக்கும். குடிநீரில் துணியை நனைத்து ஒற்றித் துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. கரையில் கால் நனைக்கும்போது சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

படி 5: அறைக்குத் திரும்பியதும்

முதல் வேலை நல்ல தண்ணீர்க் குளியல். உப்பு காய்ந்தால் தோலை வறட்டும், தொடை இடுக்கில் உரசிப் புண்ணாக்கும். சோப்பை மெதுவாகப் போட்டு, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

படி 6: எரிகிறதா?

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போடுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். சோற்றுக்கற்றாழை கிடைத்தால் வெட்டிய மடலை முதலில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மஞ்சள் பாலை வடியவிட்டு, கழுவிய பிறகு உள்ளே இருக்கும் கூழை மட்டும் எடுங்கள். அந்தப் பால் சிலருக்கு அரிக்கும். கேலமைன் லோஷனும் ஆகும். தண்ணீர், இளநீர், மோர் நிறையக் குடியுங்கள்.

பற்பசை வேண்டாம். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம், அதோடு வெயிலில் போனால் கொப்புளமே வரலாம். தேங்காய் எண்ணெயை எரிச்சல் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும் தோலில் அது சூட்டை உள்ளேயே அடைக்கும்.

எரிச்சல் மறுநாள்தான் உச்சத்துக்கு வரும், பயப்படாதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நாலைந்து நாளில் தோல் உரியத் தொடங்கும். கை சும்மா இருக்காது; ஆனாலும் பிய்க்காமல், மாய்ஸ்சரைசர் தடவி அதுவாக உதிர விடுங்கள்.